ரெண்டாவது கியருக்கு என்ன எண்ணெய்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க கண்ணு. எனக்கு எங்கன்னாலும் ஒண்ணுதான். முன்னாடி சீட்டுல தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கறாரே, நீலச் சட்டை, அவருதான் எங்க வீட்டுக்காரரு. தனபால்னு பேரு. மெட்ராஸ்ல வண்டி ஏறுனதுல இருந்து தூங்கறாரு. கோயமுத்தூர் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு.

உன் கழுத்துல தொங்கற அட்டையில மெக்கானிக்கல்னு போட்டிருக்குது. அதான் பேச்சுக் கொடுத்தேன். மத்தவங்ககிட்ட இதைச் சொன்னா பாதியிலேயே போனை எடுத்துக்கறாங்க. உனக்குக் கியர்பாக்ஸ்னா என்னன்னு தெரியும். அவரு மேல எனக்கு ஒரு கோவம் இருக்குது கண்ணு. யாருகிட்டயாவது சொல்லோணும்.

நான் கார் ரேஸ் ஓட்டறவ. சிரிக்காத, நெசமாத்தான். எம் பேரு கோகிலவாணி. நாப்பத்தி மூணு வயசு. எங்களுக்குக் கொழந்தைக இல்ல. சிங்காநல்லூர்ல ஒர்க்‌ஷாப் இருக்குது, அதுக்குள்ள ஒரு பழைய ஜப்பான் வண்டி இருக்குது. பின்னாடி சீட்டெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு இரும்புக் கூண்டு அடிச்சு வச்சிருக்கோம். இஞ்சினு, கியர்பாக்ஸு எல்லாம் அவரு கையால பண்ணுனது. அவரு பண்ணுவாரு, நான் ஓட்டுவேன். கல்யாணமான புதுசுல இருந்து அப்படித்தான். மலை ரோட்ல ஒத்தை ஒத்தை வண்டியா நேரம் பாத்து விடுவாங்க பாரு, அந்தப் போட்டிதான் எனக்குப் பிடிச்சது. எஸ்டேட் ரோடு, கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. அங்க முழுக்க ரெண்டாவது கியரும் மூணாவது கியரும்தான். மூணுல வருவ, பிரேக்க மிதிப்ப, ரெண்டுக்குத் தள்ளுவ, திருப்புவ, அமுக்குவ. நாள் பூரா அதே வேலை.

பொம்பளைங்க பிரிவுல நான் நெறைய ஜெயிச்சிருக்கேன். அது பெருசில்ல. போன வருசம் ஆம்பளைங்களோட பொதுப் பிரிவுல ஓட்டி நாலாவதா வந்தேன். அதைப் பாத்துட்டு மெட்ராஸ்ல ஒரு டீம்காரங்க வந்து பேசுனாங்க. இந்த சீசன் முடிவுல மொத மூணு இடத்துக்குள்ள வந்துட்டா, அடுத்த வருசம் அவங்க வண்டியைக் கொடுத்து நாடு பூரா ஓட்ட விடறோம்னாங்க. இந்த வயசுல எனக்கு அப்படி ஒண்ணு வரும்னு நெனச்சதே இல்ல கண்ணு. அன்னைக்கு அவரு வண்டிக்கு அடியில போயி படுத்துக்கிட்டாரு. சந்தோசம் வந்தா அவரு வண்டிக்கு அடியில போயிருவாரு.

சீசனுக்கு முந்தி ஒரு நாள் பிராக்டிஸ். பழைய ஏரோப்ளேன் ஓடுதளத்துல. அன்னைக்குத்தான் மொத மொதல்ல ரெண்டாவது கியர் மக்கர் பண்ணுச்சு. மூணுல இருந்து ரெண்டுக்குத் தள்றேன், கர்ருங்குது. மறுபடி தள்றேன், பாதி போயிட்டு வெளிய துப்புது. இறங்கி வந்து சொன்னேன், ஏனுங்க, எண்ணெய் சரியில்லீங்க, என்ன எண்ணெய் ஊத்துனீங்கன்னு. அவரு ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. இறங்கி என் மூஞ்சியைப் பாத்தாரு. "மாத்திரலாம் அம்முணி"ன்னாரு. அவ்வளவுதான்.

உனக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். ஓடற பஸ்ல ஏறணும்னா நாமளும் கூடவே சித்த தூரம் ஓடணுமில்ல? கியர் மாத்தும்போது அந்தக் கூட ஓடற வேலையைப் பண்றது ஒரு பித்தளை வளையம். அது போயி கியரைப் பிடிச்சு, ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாந்ததுக்கு அப்புறம்தான் பல்லும் பல்லும் கோக்கும். எண்ணெய் ரொம்ப வழவழன்னு இருந்தா வளையத்துக்குப் பிடிமானம் கிடைக்காது, கர்ருங்கும். ரொம்பக் கெட்டியா இருந்தா நடுவுல இருக்கற எண்ணெய் விலகறதுக்குள்ள நேரமாயிரும், கட்டையைத் தள்றாப்பல இருக்கும். சில எண்ணெயில சேர்க்கற மருந்து பித்தளையையே அரிச்சுரும். அதனால எண்ணெய் எடுக்கறதுன்னா கடையில போயி நல்லதாக் கொடுங்கன்னு கேக்கற வேலையில்ல. உக்காந்து யோசிக்கோணும். அவரு அதுல கெட்டிக்காரரு. நான் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

மொதல்ல ரேஸுக்குன்னே வர்ற கெட்டி எண்ணெயை ஊத்துனாரு. காத்தாலக் குளுருல லீவரு அசையவே இல்ல. என்னங்க இது, கல்லைத் தள்றாப்பல இருக்குதுன்னேன். வடிச்சாரு. அடுத்தது பித்தளைக்குன்னு தோதா இருக்கற ஒண்ணு. அது பரவால்ல, ஆனா சூடானதுக்கு அப்புறம் மறுபடியும் துப்புச்சு. அப்புறம் ரொம்ப மெல்லிசா ஒண்ணு, கிட்டத்தட்டத் தண்ணி மாதிரி. பெங்களூர்ல இருந்து வரவச்சாரு. அதை ஊத்துன அன்னைக்குக் கியரு பட்டுன்னு விழுந்துச்சு கண்ணு. மொத போட்டியில ரெண்டாவதா வந்தேன். இறங்குனதும் அவருகிட்ட போயி சொன்னேன், பாத்தீங்களா, எண்ணெய்தான்னு. அவரு சிரிச்சாரு. எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சாரு. அன்னைக்கு அவரு அப்படிச் சிரிச்சது எனக்கு இன்னும் புரியல. ஒரு டப்பா எண்ணெய்க்கு அவ்வளவு சிரிப்பா?

ரெண்டாவது போட்டிக்கு அதே எண்ணெய்தான். பழைய தொந்தரவு மறுபடியும் வந்துருச்சு. வளைவுக்கு வளைவு ரெண்டு தடவை தள்ள வேண்டியிருந்துச்சு. அஞ்சாவதா வந்தேன்.

அங்க குன்னூர்க்காரரு ஜெரால்டுன்னு ஒருத்தரு ஓட்டறாரு, எனக்கு ரொம்ப வருசப் பழக்கம். நான் புலம்பறதைக் கேட்டுட்டு, கொடுங்க அக்கா, நான் ஒரு தடவை பாக்கறேன்னு வண்டியை எடுத்துட்டுப் போனாரு. வந்து சொல்றாரு, அக்கா, கியரு அருமையா விழுது, என் வண்டியில இப்படி இருந்தா நான் கோயில் கட்டுவேன்னு. நான் சாவியை வாங்கிட்டு வந்துட்டேன். பட்டத்துக்குப் போட்டி போடறவன் வேற என்ன சொல்லுவான்? எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன், அந்த ஆளு என்னை மேற்கொண்டு எண்ணெய் மாத்த விடாம பண்றான்னு. அவரு ஜெரால்டைத் தனியாக் கூட்டிட்டுப் போயி ஏதோ பேசிட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் ஜெரால்டு என் கண்ணைப் பாத்தே பேசல.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிருச்சு. என்னைக் கேக்காம லீவரை நீட்டமாப் பண்ணிட்டாரு. கியர் லீவரு குட்டையா இருந்தாத்தான் கண்ணு ரேஸுக்கு நல்லது, கை கொஞ்சம் அசைஞ்சாப் போதும். இவரு லாரி லீவரு மாதிரி நீட்டி, மேல பெரிய குமிழு ஒண்ணை வச்சுட்டாரு. ஏன் இப்படின்னேன். "தள்றதுக்கு லேசா இருக்கும்"னாரு. கிளட்ச்சையும் லேசாக்குனாரு. இன்னொரு எண்ணெய் மாத்துனாரு. ரெண்டு எண்ணெயைக் கலந்துகூட ஊத்திப் பாத்தாரு. கலக்கவே கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதான். அடுப்புல பாத்திரத்தை வச்சு எண்ணெயைச் சுட வச்சு ஊத்திப் பாத்தாரு, சூடா இருந்தா கை எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. கியரு எப்படி இருக்குதுன்னு கேக்கல, கை எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. எனக்கு அப்ப அது உறைக்கல.

வீட்லயும் அப்படித்தான். எல்லா டப்பா மூடியையும் லூசா விட்டு வச்சிருப்பாரு. ஊறுகாய் பூசணம் புடிச்சுப் போச்சு, காபித்தூள் கட்டி தட்டிப் போச்சு. நான் கத்துவேன், ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியாதான்னு. கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டாரு. குழாயைக் கழட்டிட்டுத் தட்டுனாத் தொறக்கற குழாயை மாட்டுனாரு. எதுக்குங்க நல்லா இருக்கற குழாயை மாத்தறீங்கன்னா, வாசர் போயிருச்சுன்னாரு. எனக்கும் அப்ப கையில சாமானம் நிக்காமத்தான் இருந்துச்சு. ஜாக்கெட் கொக்கி போட நேரமாச்சு. தோசைக்கல்லு நழுவுச்சு. வயசாகுதுன்னு நெனச்சேன். நாப்பதைத் தாண்டுனா பொம்பளைக்கு ஏதோ ஒண்ணு வரும்னு சொல்றாங்களே, அதுன்னு நெனச்சேன். வலி இருந்திருந்தா நானே டாக்டர்கிட்டப் போயிருப்பேன். வலியே இல்ல கண்ணு. ஒரு துளி வலி கிடையாது.

கடைசிப் போட்டி வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ரோட்ல. அதுல ஜெயிச்சா மூணாவது இடம் எனக்கு. காத்தால மொத ஓட்டம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது ஓட்டத்துல, மேல பங்களாவுக்கு முந்தின வளைவு. மூணுல வர்றேன். பிரேக்க மிதிச்சேன். லீவரைப் பிடிச்சுப் பின்னாடி இழுக்கறேன், கை மட்டும் வருது. லீவரு அங்கயே நிக்குது. பிடிச்ச பிடி அப்படியே கழண்டுக்கிச்சு. கையைப் பாக்கறேன், வளைவு வந்துருச்சு. வண்டி நேராப் போயி டயர் அடுக்குல மோதி நின்னுச்சு. நல்ல வேளை அந்தப் பக்கம் பாறை. எனக்கு ஒண்ணும் ஆகல. முன்பக்கம் நசுங்கிப் போச்சு.

அவரு ஓடி வந்தாரு. கூட்டம் நிக்குது, டீம்காரங்க நிக்கறாங்க, எனக்கு எதுவும் தெரியல. ஒரு எண்ணெய் பாத்து ஊத்தத் தெரியாத ஆளை நம்பி வந்தேனேன்னு கத்துனேன். எல்லாருக்கும் கேட்டுச்சு. அவரு என் பெல்ட்டை அவுத்து விட்டுட்டே, "ஆமா அம்முணி, என் தப்புத்தான், எண்ணெய்தான்"னாரு. அவ்வளவு பேருக்கு முன்னாடி. எண்ணெய்தான்னு.

அதுக்கப்புறம் நான் அவருகிட்டப் பேசல. கொஞ்ச நாளு போச்சு. ஒரு மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வேலைக்காரங்களையெல்லாம் சாப்பிட அனுப்பிட்டேன். கியர்பாக்ஸை இறக்குங்க, எனக்கு முன்னாடி பிரிங்கன்னேன். நாளைக்குப் பிரிக்கலாம்னாரு. இப்பவேன்னேன். இறக்கிப் பிரிச்சாரு. எண்ணெயை வடிச்சாரு. பித்தளை தேஞ்சிருந்தா எண்ணெயில மினுமினுன்னு பொடி தெரியும். ஒண்ணுமில்ல, தேன் மாதிரி சுத்தமா இருந்துச்சு. ரெண்டாவது கியர் வளையத்தை எடுத்துத் துடைச்சு, பெஞ்சு மேல வச்சாரு. பல்லு ஒண்ணுகூட மழுங்கல. புதுசு மாதிரி இருந்துச்சு.

நான் அதை இடது கையில எடுத்தேன். கீழ விழுந்துச்சு. எடுத்துக் கொடுத்தாரு. மறுபடியும் விழுந்துச்சு. அவரு குனிஞ்சு எடுத்து, இந்தத் தடவை கொடுக்கல. கையிலயே வச்சுக்கிட்டாரு.

"கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்ல அம்முணி"ன்னாரு.

எப்ப இருந்து தெரியும்னேன்.

"ஓடுதளத்துல நான் ஓட்டிப் பாத்தப்பவே கியரு சரியாத்தான் இருந்துச்சு. அசதின்னு நெனச்சேன். கழுத்து எலும்புல ஏதாவது இருக்கும்னு நெனச்சேன். சீசன் முடியட்டும், அப்புறம் காட்டிக்கலாம்னு நெனச்சேன். வண்டியை விட்டு உன்னை எறக்குனா நீ என்ன ஆவியோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு."

அப்ப எதுக்குங்க அத்தனை எண்ணெயின்னேன்.

"பாக்ஸுக்கு எது நல்லதுன்னு நான் பாக்கல. உன் கைக்கு ஏத்தது ஏதாவது ஒண்ணு இருக்கும்னு பாத்தேன். மெல்லிசு ஊத்துன அன்னைக்கு நீ ரெண்டாவதா வந்தியே. கெடைச்சிருச்சுன்னு நெனச்சேன்."

இதுக்கு என்ன சொல்ல முடியும், சொல்லு. ஒரு சீசன் பூரா என்னை ஏமாத்திட்டு, இப்படிச் சொன்னா?

டாக்டரு கோயமுத்தூர்லதான் பாத்தாரு மொதல்ல. என் கையை விரிச்சு மேசை மேல வச்சாரு. இங்க பாரு கண்ணு, கட்டைவெரலுக்கும் இந்த வெரலுக்கும் நடுவுல. சதை இருக்கற இடம் குழியா இருக்குதா? நான் கவனிச்சதே இல்ல. தினமும் கையைக் கழுவறேன், பாத்ததே இல்ல. முழங்கைக்குக் கீழ தோலுக்குள்ள புழு ஓடற மாதிரி துடிக்கும், அதைப் பாத்தாரு. அப்புறம் ஊசி ஊசியாக் குத்திக் கரண்டு விட்டுப் பாத்தாங்க. மூளையில இருந்து சதைக்குப் போற நரம்பு ஒண்ணொண்ணா அணைஞ்சுட்டு வருதாம். மருந்து இல்லையாம். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமாம். அதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இடது கைக்கு அப்புறம் வலது கை. அப்புறம் காலு. அப்புறம் பேச்சு, முழுங்கறது, மூச்சு. புத்தி மட்டும் கடைசி வரைக்கும் நல்லா இருக்குமாம். அதை ஏதோ நல்ல சேதி மாதிரி சிரிச்சுட்டே சொன்னாரு.

நான் கேட்டேன், முன்னாடியே வந்திருந்தா சார்? எங்க வீட்டுக்காரருக்கு உறைக்கட்டும்னுதான் கேட்டேன். டாக்டரு, ஒண்ணும் மாறியிருக்காதும்மான்னுட்டாரு. எங்க வீட்டுக்காரரு அப்படியே நாற்காலியில சாஞ்சுட்டாரு. பெருமூச்சு விட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொண்டாட்டி பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டு இருக்கறாங்க, இவரு நிம்மதியா மூச்சு விடறாரு.

ஒரு சொட்டுக் கண்ணீரு விடல கண்ணு அந்த மனுசன். நான் பாத்தவரைக்கும் விடல. என்னமோ இப்பல்லாம் காத்தால குளிக்கப் போனா வர்றதே இல்ல. குழாய் பாட்டுக்குத் திறந்து கிடக்குது, தொட்டி காலியாகுது. அவ்வளவு நேரம் என்னதான் குளிப்பாரோ. வெளிய வந்தா கண்ணெல்லாம் செவந்து கிடக்குது, சோப்புப் பட்டுருச்சுங்கறாரு.

மெட்ராஸுக்குப் போயி பெரிய டாக்டரு ஒருத்தரைப் பாக்கலாம்னு அவருதான் சொன்னாரு. பாத்துட்டுத்தான் வர்றோம். அவரும் அதேதான் சொல்றாரு. அதே வார்த்தை, அதே சிரிப்பு. இனி வேற யாரையும் பாக்கறதில்லைன்னு சொல்லிட்டேன்.

மெட்ராஸ் கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவருகிட்டச் சொன்னேன், வண்டியை எடுங்க, மலைக்குப் போலாம்னு. முன்பக்கத்தை நிமுத்தி வச்சிருந்தாரு. பாக்ஸையும் கோத்து வச்சிருந்தாரு. யாரு ஓட்டப் போறாங்கன்னு கோத்தாரோ தெரியல. லீவரைப் பழையபடி குட்டையாக்கி இருந்தாரு. நான் இந்தப் பக்கம், ஓட்டறவருக்குப் பக்கத்துச் சீட்டுல உக்காந்தேன். அந்த வண்டியில இந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல நான். பெல்ட்டை அவருதான் போட்டு விட்டாரு.

ஆழியாறு தாண்டி மேல ஏற ஆரம்பிச்சோம். காத்தால வெயிலு, ரோட்ல யாருமில்ல. அவரு ரேஸ் ஓட்டறவரில்ல, பாந்தமாத்தான் ஓட்டுவாரு. மொத வளைவு வந்துச்சு. மூணுல இருந்து ரெண்டுக்குத் தள்ளுனாரு. நான் காதைக் கொடுத்துக் கேட்டுட்டு இருந்தேன். ஒண்ணுமில்ல. ரெண்டாவது வளைவு. ஒண்ணுமில்ல. உனக்குச் சொன்னாப் பைத்தியம்னு நெனைப்ப, நான் மனசுக்குள்ள வேண்டிட்டே வந்தேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கர்ருன்னு கேக்கட்டும்னு. அவரு கையிலயும் துப்பட்டும்னு. அப்படி மட்டும் கேட்டுருச்சுன்னா அந்த டாக்டரு சொன்னதுக்கெல்லாம் வேற அர்த்தம் இருக்குதுன்னு ஆயிரும்ல.

மேல போற வரைக்கும் கேக்கல. அவ்வளவு வளைவுலயும் ஒரு தடவைகூடக் கேக்கல. விரலால தொட்டாப் போதும், போயி உக்காந்துக்குது. என் ஆயுசுல நான் ஓட்டுன எந்த வண்டியிலயும் ரெண்டாவது கியரு அவ்வளவு சுத்தமா விழுந்ததில்ல.

மேல ஓரமா நிறுத்துனாரு. இஞ்சினை அணைச்சாரு. அப்புறம் அவரு லீவரு மேல வச்ச கையை எடுக்காம, முன்னாடியே பாத்துட்டு, "எப்படி அம்முணி இருக்குது?"ன்னாரு. சீசன் பூரா ஒவ்வொரு தடவை எண்ணெய் மாத்துனதுக்கு அப்புறமும் அதே மாதிரிதான் கேப்பாரு.

நல்லாருக்குதுங்க, இந்த எண்ணெயே இருக்கட்டும்னேன்.